கொச்சி என்று ஒரு வெண்மை

நீண்ட பதிவு. பொறுமையும் நேரமும் உள்ளவர்கள் வாசிக்க வேண்டுகிறேன்.

சில வாரங்களுக்கு முன்பு, மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா மகளின் குரற்செய்தி வந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "சித்தி, நீங்க கொச்சியிலதான இருக்கீய, அங்க ஒரு கிரீம் கெடைக்குமாம்லா. ரெண்டு டப்பா வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி, ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாள். படத்தில் சிறிய வெள்ளை டப்பா. தோழி ஒருத்தி பூசிப் பதினைந்தே நாளில் "கலராயிட்டாளாம்". படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரோ, ஊரோ, உட்கூறுகளின் பட்டியலோ அதில் இல்லை.

மட்டாஞ்சேரியின் வணிக வரலாற்றைப் பற்றிக் குறிப்பெடுப்பதற்காகத்தான் நான் இங்கே தங்கியிருக்கிறேன். மிளகு, சுக்கு, தேங்காயெண்ணெய் ஆகியவற்றுக்கு இந்தத் துறைமுகத்தில் எவ்வாறு தரம் பிரித்தார்கள் என்பது என் குறிப்புகளின் பெரும்பகுதி. அக்கா மகளுக்கு உடனே என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அவள் கேட்ட பொருளுக்கும் நான் தேடிக்கொண்டிருந்த பொருளுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது என்பது அன்று மாலையே புலப்பட்டது. அந்த வழியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சுக்கிலிருந்து தொடங்குகிறேன். பரதேசி யூத ஆலயத்தை ஒட்டிய தெருக்களிலும் பஜார் சாலையிலும் இன்று பழம்பொருட் கடைகளும் காப்பிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் நிறைந்துவிட்டன. பழைய கிடங்குகளின் முன்னால் கல்யாணப் படம் எடுக்க இணைகள் வந்து நிற்கிறார்கள். இருந்தும் சில முற்றங்களில் இன்னமும் இஞ்சி காய்கிறது. பெண்கள் குனிந்தமர்ந்து தரம் பிரிக்கிறார்கள். உலகச் சந்தையில் 'கொச்சிச் சுக்கு', 'கோழிக்கோட்டுச் சுக்கு' என்பன பழைய பெயர்கள். இவற்றிலும் இரு வகை உண்டு: வெளுக்காதது, வெளுத்தது. தோல் சீவிய இஞ்சியைச் சுண்ணாம்புப் பாலில் நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்து மறுபடி காயவைத்து, மேலே ஒரு சீரான வெள்ளைப் பூச்சு படியும்வரை செய்வார்கள். பூச்சி அரிப்பதைச் சுண்ணாம்பு ஓரளவு தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை. வாங்குகிறவர் வெள்ளையாகக் கேட்டார். இவர்கள் வெள்ளையாக்கி அனுப்பினார்கள். காரமும் மணமும் உள்ளே இருக்கும் பொருள்தான் சுக்கு. சுண்ணாம்பு அதன் காரத்தில் ஓர் இம்மியும் கூட்டுவதில்லை.

எண்ணெயின் கதை இதைவிட வியப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்த ஐரோப்பிய, அமெரிக்கச் சோப்புத் தொழில் நூல்களைப் புரட்டினால், தேங்காயெண்ணெயை அவை மூன்றாகப் பிரித்திருப்பதைக் காணலாம். முதல் தரம் கொச்சி எண்ணெய். அடுத்தது இலங்கை எண்ணெய். கடைசியில் கொப்பரை எண்ணெய் என்று பொதுப்பெயர் பெற்றது. கொச்சி எண்ணெய்க்கு முதலிடம் கிடைக்க இரண்டு காரணங்கள்: அது மற்றவற்றைவிட வெண்மையானது, அதில் தனித்த கொழுப்பமிலம் குறைவு. நன்றாகக் காய்ந்த கொப்பரையைக் காலந்தாழ்த்தாமல் ஆட்டி எடுத்ததால் வந்த சிறப்பு அது. பிற்பாடு வேறு நாட்டுத் தேங்காயில் எடுத்த எண்ணெயையும், நன்கு சுத்திகரித்து வெளுத்திருந்தால் 'கொச்சி வகை' என்றே சொல்லும் வழக்கம் வணிகத்தில் உண்டாயிற்று. அதாவது ஒரு காலத்தில், இந்த ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாத சோப்பு ஆலைக்காரருக்குக்கூடக் 'கொச்சி' என்பது ஒரு வெண்மையின் பெயராக இருந்தது.

தேங்காயெண்ணெய் இல்லாமல் நல்ல சோப்பு இல்லை என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதிலுள்ள லாரிக் அமிலமே கட்டிக்கு உறுதியையும் நுரையையும் தருகிறது. கடல்நீரிலும் நுரைக்கும் சோப்பு வேண்டுமென்றால் தேங்காயெண்ணெயைத்தான் நாட வேண்டும். ஆகவே, நம் கடற்கரையின் எண்ணெய் பீப்பாய்களில் ஏறிப் போயிற்று. சோப்பாகி, உறை அணிந்து, படம் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் லீவர் சகோதரர்களின் 'சன்லைட்' சோப்புப் பெட்டிகள் இறங்கியதை இந்திய வணிக வரலாற்றின் ஒரு தொடக்கப்புள்ளியாகச் சொல்வது வழக்கம். போன எண்ணெயில் தரம் மட்டுமே எழுதியிருந்தது. வந்த சோப்பிலோ ஒரு மனித உடலும் இருந்தது.

அந்த உடல் எப்படிப்பட்டது? 1789இல் லண்டனில் தொடங்கப்பெற்ற பியர்ஸ் நிறுவனத்தைத் தாமஸ் பாரட் என்பவர் விளம்பரத்தால் வளர்த்தார். நவீன விளம்பரத்தின் தந்தை என்று அவரைச் சொல்வோர் உண்டு. அந்நிறுவனம் 1884இல் வெளியிட்ட ஒரு படம் விளம்பர வரலாற்றில் தவிர்க்க முடியாதது. குளியல் தொட்டியில் ஒரு கறுப்பினக் குழந்தை அமர்ந்திருக்கிறது. வெள்ளைக் குழந்தை ஒன்று சோப்பை நீட்டுகிறது. அடுத்த படத்தில் தொட்டியிலிருந்து எழுந்த குழந்தையின் உடல் கழுத்துவரை வெளுத்திருக்கிறது. முகம் மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கையில் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறது வெள்ளைக் குழந்தை. 1995இல் வெளிவந்த 'இம்பீரியல் லெதர்' என்னும் நூலில் ஆன் மெக்ளின்டாக் இத்தகைய படங்களைச் 'சரக்கு இனவாதம்' என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காலனியத்தின் இனக்கொள்கை அறிஞர்களின் நூல்களிலிருந்து இறங்கிச் சமையலறை அலமாரிக்கு வந்த வழி அது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எனக்கு அந்தப் படத்தில் வேறொன்று உறைக்கிறது. துணியில் அழுக்கு இருக்கிறது. சோப்பு அதைப் போக்குகிறது. இது எவருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மையை அப்படியே தூக்கித் தோலின்மேல் வைத்தது அந்தப் படம். தோலின் நிறம் அழுக்கின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. துணிக்குச் சொன்னதை உடலுக்குச் சொன்ன அந்த ஒரு தாவலில்தான் பின்னால் வந்த நூறாண்டு விளம்பரமும் நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். நிறத்தின்மேல் உயர்வு தாழ்வைக் கட்டியது விளம்பரம்தானா? மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் இந்தத் தெருவே சிரிக்கும். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஆலயத்தைச் சார்ந்தோர் 'வெள்ளை யூதர்' எனப்பட்டனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் வாழ்ந்திருந்த மலபார் யூதர்கள் 'கறுப்பு யூதர்' எனப்பட்டனர். உண்மையில் தோலின் நிறத்தைவிட வந்த வழியையும் குடிப்பிறப்பையும் குறித்த சொற்கள் இவை. ஆனால் நிறத்தின் பெயரால்தான் வழங்கின. இவ்விரு பிரிவாருக்கும் அப்பால், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குப் பரதேசி ஆலயத்தின் இருக்கைகளில் அமரவே உரிமை இல்லை. அவ்வழியில் பிறந்த ஏ. பி. சேலம் (1882–1967) சென்னையில் சட்டம் பயின்று, கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்து, காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தம் ஆலயத்துக்குள்ளேயே கையாண்டு அந்த உரிமைகளை ஒவ்வொன்றாகப் பெற்றார். யூதக் காந்தி என்று அவரை அழைத்தார்கள். அவர் எதிர்த்த படிநிலையை எந்த விளம்பர நிறுவனமும் உண்டாக்கவில்லை. சாதியைச் சொல்லவே வேண்டாம். வெயிலில் உழைக்கும் உடலுக்கும் நிழலில் இருக்கும் உடலுக்கும் இடையே இந்நாடு வகுத்த தூரம் எந்தச் சோப்பைவிடவும் பழையது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய படிநிலை பிறப்பின்மேல் நின்றது. அதன் கதவு பூட்டியிருந்தது. அது கொடியது. எனினும் 'நீ முயன்றிருந்தால் மாறியிருப்பாய்' என்று அது யாரிடமும் சொல்லவில்லை. விளம்பரம் அந்தக் கதவைத் திறந்து, வாசலில் ஒரு விலையை எழுதிவைத்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனவுடன், மாற்றாமல் இருப்பது உன் சோம்பல் ஆயிற்று. சுக்கும் எண்ணெயும் எப்படித் தரம் உயர்த்தத்தக்க சரக்குகளோ, அப்படியே முகமும் தரம் உயர்த்தத்தக்க சரக்கு ஆயிற்று. குறையைச் சுமத்தியவர் மறைந்துகொள்ள, குறைக்கு உரியவள் கண்ணாடிமுன் தனியாக நின்றாள்.

நம் மொழியின் பழைய அடுக்குகளில் வேறு சில செய்திகளும் கிடக்கின்றன. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் பொருள் சொல்வர்: கருமையும் செம்மையும் கலந்த ஒரு மினுக்கம். பிரிவுத்துயரால் அந்த மாமை கெட்டு, பீர்க்கம்பூப்போல வெளிறிப் போவதற்குப் பெயர் 'பசலை'. அது நோய். திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும் அந்த வெளிறலைப் பற்றிய முறையீடுதான். இந்தக் கொச்சிக் கரை அன்றைய சேர நாடு. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் ஒரு சேர அரசன். ஆக, வெளுத்துப்போவதை அழகின் இழப்பாகக் கண்ட கவிதை மரபு இந்த மண்ணுக்கும் உரியதே. இதை வைத்துக்கொண்டு, பண்டைத் தமிழர் நிறவேற்றுமை அறியாதவர் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பொன்மேனியைப் புகழ்ந்த வரிகளும் நம் இலக்கியத்தில் ஏராளம். ஆனால் 'முகம் வெளுத்திருக்கிறதே, உடம்புக்கு என்ன?' என்று இன்றும் கேட்கும் நாம்தான், அதே வாயால் 'பொண்ணு நல்ல நிறம்' என்றும் சொல்கிறோம். எல்லா நிறத்துக்கும் பொதுவான சொல் ஒரே நிறத்துக்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. 'கலர்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான்.

சொல் சுருங்குவதற்கு அச்சு வேண்டும். கொச்சியில் 1881இல் 'கேரளமித்ரம்' இதழைத் தொடங்கியவர் தேவ்ஜி பீம்ஜி என்ற குஜராத்தி வணிகர். அதன் ஆசிரியராகப் பணியாற்றிய கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளைதான் பின்னர் கோட்டயத்தில் 'மலையாள மனோரமா'வை நிறுவினார். மட்டாஞ்சேரியின் குஜராத்தித் தெருவைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். மலையாள இதழியலின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று வணிகர் ஒருவரின் அச்சகத்தில் எழுதப்பட்டது. செய்தியும் சரக்கும் ஒரே கப்பலில் வந்த ஊர் இது.

உள்நாட்டுச் சோப்பின் கதையும் இங்கேதான் வலுப்பெறுகிறது. 1917இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் தோன்றி, காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில் தன் ஆலையை அமைத்தது. அந்த இடத்துக்கே டாட்டாபுரம் என்று பெயராயிற்று. கொப்பரை ஆட்டத் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு '501' சலவைச் சோப்பையும் 'ஹமாம்' குளியற்சோப்பையும் நாடெங்கும் கொண்டுசென்றது. 1940இல் இரிஞ்ஞாலக்குடாவில், நாராயண குருவின் சீடர்களுள் ஒருவரான சி. ஆர். கேசவன் வைத்தியர் 'சந்திரிகா' சோப்பைத் தொடங்கினார். தேங்காயெண்ணெயும் மூலிகையும் சேர்ந்த பச்சைக் கட்டி அது. நிலவொளி என்று பொருள்படும் பெயரைத் தாங்கினாலும், அது தன்னை மருந்தின் மரபில்தான் வைத்துக்கொண்டது. இந்த வேறுபாட்டை நான் சிறிதாகக் கருதவில்லை. உடலைக் காப்பது என்ற சொல்லுக்கும் உடலை மாற்றுவது என்ற சொல்லுக்கும் இடையே அன்று ஒரு வேலி இருந்தது.

அந்த வேலியைத் தாண்டியவை வேறு சரக்குகள். 1919இல் பம்பாயில் பிறந்த 'ஆப்கன் ஸ்நோ' தன் பெயரிலேயே 'ஸ்நோ' என்ற சொல்லைத் தாங்கி வந்தது. பனி விழாத நாட்டில் பனியின் பெயரால் ஒரு களிம்பு! 'லக்ஸ்' சோப்பின் விளம்பரத்தில் ஆலிவுட் நடிகைகளின் இடத்துக்கு 1941இல் லீலா சிட்னிஸ் வந்தார். இந்திய நடிகை ஒருவர் அதில் தோன்றியது அதுவே முதன்முறை. சோப்பு இப்போது அழுக்கைப் பற்றிப் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, அந்த முகத்தைப்போல உன் முகம் ஆகலாம் என்று பேசத் தொடங்கியது. ஸ்நோவின்மேல் பவுடரையும் பூசி, வியர்வை வழிந்த கோடுகளோடு கல்யாண வீட்டில் நின்ற பெண்களை என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புப் பால் காய்ந்த இஞ்சியை முதன்முதலாக இங்கே கண்டபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது. அதற்காக வெட்கமும் பட்டேன். அவர்களுள் ஒருத்தி என் அம்மா.

மட்டாஞ்சேரிக்கு மேற்கே, கோட்டைக் கொச்சியின் வெளி என்ற இடத்தில் ஒரு சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் தொழில் செய்கிறார்கள். இன்றைய கட்டடம் 1976இல் அமைக்கப்பட்டது. நம்மைக் கண்டால் தமிழிலேயே பேசுகிறார்கள். தொட்டி தொட்டியாகப் பிரித்த கல்துறைகள், கஞ்சிப் பசை, கயிற்றின் முறுக்கில் செருகிக் காயும் வேட்டிகள், கனத்த இஸ்திரிப் பெட்டிகள். வெண்மையைப் பற்றி இந்த வட்டாரத்தில் மெய்யான அறிவு உடையவர்கள் இவர்களே என்று நினைக்கிறேன். வெள்ளைத் துணி நாளடைவில் மஞ்சளிக்கும். நீலம் போட்டால் அந்த மஞ்சள் மறையும். துணி மெய்யாகவே வெளுப்பதில்லை, கண் அப்படி எடுத்துக்கொள்கிறது. இதை அங்கே ஒரு பெரியவர் ஒரு வேட்டியை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டி எனக்கு விளக்கினார். இந்த நீலத்தையும் 1983இல் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து எம். பி. இராமச்சந்திரன் 'உஜாலா' என்ற சொட்டு நீலமாக்கி இந்தியா முழுதும் விற்றார். துணிக்கு எந்த மனமும் இல்லை. நீலம் போட்டுத் தன்னை வெள்ளை என்று சொல்லிக்கொள்ள அதற்குத் தேவையும் இல்லை.

1975இல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை அறிமுகப்படுத்தியது. நியாசினமைடு என்ற உயிர்ச்சத்து வகையை வைத்துச் செய்த களிம்பு. தோலின் உள்ளே நிறமி உண்டாவதை அது நிறுத்துவதில்லை. உண்டான நிறமி மேலடுக்குச் செல்களுக்குக் கைமாறுவதைச் சிறிது தடுக்கிறது. விளைவு மெதுவானது, மிதமானது, பூசுவதை நிறுத்தினால் நிற்காதது. மருந்தின் வேலை இவ்வளவே. ஆனால் விளம்பரத்தின் வேலை வேறு. அதன் கதையமைப்பு பத்தாண்டுக் கணக்கில் மாறவே இல்லை: மாநிறப் பெண், அவளுக்கு வேலை இல்லை, அல்லது மாப்பிள்ளை இல்லை, குழாய் வருகிறது, வரிசையாக அடுக்கிய முகங்கள் ஒன்றைவிட ஒன்று வெளுக்கின்றன, வேலையும் கல்யாணமும் தாமே வாசலுக்கு வருகின்றன. மகன் இல்லையே என்று ஏங்கும் தந்தை ஒருவர் வந்த விளம்பரத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் நடத்திய இயக்கத்தின் விளைவாக 2003இல் அது நிறுத்தப்பட்டது. அந்த முகவரிசையை நான் எப்போது பார்த்தாலும் சரக்குக் கிடங்கின் மாதிரித் தட்டுகளே நினைவுக்கு வருகின்றன. முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு.

நம் ஊர் நிறுவனங்களை விட்டுவிட்டுப் பேசுவதும் நேர்மையாகாது. சென்னையின் கவின்கேர் 1998இல் 'ஃபேர் எவர்' கொண்டுவந்தபோது குங்குமப்பூவையும் பாலையும் முன்னிறுத்தியது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற வீட்டு நம்பிக்கையைக் குழாயில் அடைத்து நமக்கே திருப்பி விற்றார்கள். 2005இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்று 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வெளியிட்டது. சமத்துவம் அந்த வழியாகவும் வந்து சேர்ந்தது.

எதிர்க்குரல்கள் இல்லாமல் இல்லை. 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு கறுப்பின் அழகை வலியுறுத்தி ஓர் இயக்கம் தொடங்கியது. பின்னர் நந்திதா தாஸ் அதன் முகமானார். 2014இல் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம், கருநிறத்தவரை அழகற்றவராகவோ வாழ்வில் தோற்றவராகவோ காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. நீலகிரியில் பிறந்து மலையாளப் படத்தில் அறிமுகமான சாய் பல்லவி, 2 கோடி ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வெளுப்புக் களிம்பு விளம்பரத்தை மறுத்ததாக 2019இல் செய்தி வந்தது. இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது வயநாட்டு வழக்கு. 2015இல் அங்கே ஒரு நாடகக் கலைஞர், 'இந்துலேகா' வெள்ளைச் சோப்பை ஓராண்டு தேய்த்தும் விளம்பரம் சொன்னபடி அழகு தம்மைத் தேடி வரவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் நடித்த முன்னணி நடிகரையும் எதிர்வழக்காளராகச் சேர்த்தார். 2016இல் நிறுவனம் 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. விளம்பரத்தின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, 'எங்கே அந்த அழகு?' என்று ரசீதோடு போய்க் கேட்டிருக்கிறார் மனிதர்! நாடகக்காரர் அல்லவா, வேடத்தை வேடமென்று அறிந்தவர்.

2020 சூன் இறுதியில், அமெரிக்காவில் எழுந்த கறுப்பின மக்கள் கிளர்ச்சியின் அலை இங்கும் வந்து மோதியபோது, 'ஃபேர்' என்ற சொல்லை நீக்குவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. சூலையில் அது 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. முகங்களை ஒப்பிடும் நிறப்பட்டையை அதற்கு முந்தைய ஆண்டே எடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். இப்போது எல்லாம் 'பொலிவு', 'ஒளிர்வு'. விளம்பரத்தில் சொல் மாறிவிட்டது. ஆனால் அக்கா மகளின் குரற்செய்தியில் சொல் மாறவில்லை.

அவளுடைய டப்பாவுக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்கள் நாற்பதாண்டுகளாக ஏங்கவைத்துவிட்டு, மெதுவான மிதமான பலனைத் தந்தன. அந்த ஏக்கத்துக்கு வேகமான விடையோடு பெயரில்லாத சரக்கு பின்வாசலால் வந்தது. அதன் வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாதரசம். நிறமியை உண்டாக்கும் நொதியையே அது முடக்கிவிடும். ஆகவே பதினைந்து நாளில் பலன் தெரியும். தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கும் போகும். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிசவ்வு தடித்துச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை; அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். பலருக்கு, பூசுவதை நிறுத்தியதும் நோய் தணிந்தது. 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது. உரிமமும் முகவரியும் இல்லாத பூச்சுகளைப் பறிமுதல் செய்தது. இந்திய விதிப்படி இத்தகைய பூச்சில் தற்செயலாகக் கலந்திருக்கக்கூடிய பாதரசத்தின் உச்ச அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதைப்போல 12,000 மடங்குவரை இருந்த பொருட்களும் பின்னர் நடந்த சோதனைகளில் அகப்பட்டன என்று மாநிலச் சுகாதார அமைச்சரே அறிவித்தார்.

2025 மார்ச்சில் கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தமக்கு முன் அப்பதவியில் இருந்த தம் கணவரோடு நிறத்தை வைத்துத் தம்மை ஒப்பிட்ட ஒரு பேச்சைக் குறித்து முகநூலில் எழுதினார். மாநிலத்தின் மிக உயர்ந்த நிர்வாக நாற்காலியில் அமர்ந்த பிறகும், அது தம்மைத் தொட்டது என்று வெளிப்படையாகச் சொல்ல அவருக்குத் துணிவு வேண்டியிருந்தது. அந்தப் பதிவை அன்று வாசித்தபோது நான் அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் என் அக்கா ஒருமுறை நின்றதும், அவர்கள் போன பின் அம்மா ஒன்றும் பேசாமல் பலகாரத் தட்டுகளை அடுக்கியதும் நினைவில் வந்தன. இப்போது வாங்கிவரச் சொல்லியிருப்பது அந்த அக்காவின் மகள்.

அவளுக்கு மூன்று நாள் கழித்துத்தான் பதில் அனுப்பினேன். மருத்துவச் செய்தியைச் சுருக்கமாகச் சொன்னேன். தோழியிடமும் சொல்லச் சொன்னேன். டப்பாவை எறிந்துவிட்டு ஒரு சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளட்டும், அதற்கு அதிகச் செலவில்லை. மாமையையும் பசலையையும் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சங்க இலக்கியம் யாருக்கும் ஆறுதல் ஆகாது. வெளித் துறையில் வெளுத்துக் கஞ்சி போட்ட மாப்பிள்ளை வேட்டி ஒன்றும், அரைக் கிலோ வெளுக்காத சுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.